படம் உள்ளே, மடிக்க வேண்டாம்

வெள்ளவத்தை,
09.02.2025

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது. நான்காம் மாடிக்கு ஏறி இறங்குவது எனக்கு உடற்பயிற்சி, அம்மாவுக்கு வீட்டுக்காவல். தேங்காய் இருநூறு ரூபாயைத் தாண்டியதிலிருந்து வாரத்தில் ஒரு நாள்தான் சம்பல் என்று குசினியில் சட்டம் வந்திருக்கிறது. நாளை மறுதினம் தைப்பூசம். பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்குப் போவதாக இருக்கிறோம், முழங்கால் சம்மதித்தால்.

வட்ஸ்அப்பில் எதைக் கேட்டாலும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறாய். அது என் எந்தக் கேள்விக்குப் பதில் என்று விளங்குவதில்லை. அதனால்தான் கடிதம். தபால் கந்தோரில் உழைத்து உங்கள் இருவரையும் படிப்பித்தவன் கடிதம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப்போகிறார்கள்?

சின்னம்மா வந்திருந்தார். இன்றைக்கும் ஞாயிறுப் பத்திரிகையில் 'மணமகன் தேவை', 'மணமகள் தேவை' பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கோவையில் வைக்கிறார். இப்போது யார் அதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். “நான் பார்க்கிறேன்” என்றார். அதற்கு என்ன சொல்வது? உனக்காக இணையத்தில் பதிவு போட்டு நீ கோபித்துக்கொண்டாயே, அதுவும் சின்னம்மாவின் வேலைதான். நீ 5 அடி 2 அங்குலம் என்று எனக்குத் தெரியாதா? 5 அடி 4 என்று போட்டது நான் இல்லை.

அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் எனக்குப் பழைய உறைகள்தான் நினைவுக்கு வந்தன. ஞாயிறு வீரகேசரியில் விளம்பரம் வந்தால், அடுத்த இரண்டொரு நாளில் பத்திரிகையின் கிராண்ட்பாஸ் வீதி விலாசத்துக்குக் கட்டுக்கட்டாகக் கடிதம் வரும். கையில் எடுத்தவுடனே தெரிந்துவிடும். வெறும் கடிதம் வளையும். சாதகம் வைத்தது தடித்திருக்கும். படம் வைத்தது நடுவில் விறைத்து நிற்கும். அதன் மூலையில் “படம் உள்ளே, மடிக்க வேண்டாம்” என்று சிவப்பு மையில் எழுதிக் கீழே கோடும் இழுத்திருப்பார்கள். பெரும்பாலும் தகப்பன்மாரின் கையெழுத்து. அந்த உறைகளை நாங்கள் தனியாக அடுக்குவோம். அப்படிச் செய்யும்படி எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை. எங்கள் எல்லோர் வீட்டிலும் ஒரு தங்கையோ மகளோ இருந்தாள், அவ்வளவுதான்.

உனக்காக நானும் ஒருமுறை விளம்பரம் எழுதிப் பார்த்தேன், கொடுக்கவில்லை. “1991, பரணி, கிரக பாவம் 23, செவ்வாய் இல்லை, பொறியியலாளர், கனடா நிரந்தர வதிவிடம்.” சொல்லுக்குச் சொல் காசு என்பதால் 'கோபக்காரி' என்பதை விட்டுவிட்டேன். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்ததையும், நீ வடிவமைத்த நடைபாலத்தின் படம் எங்கள் வீட்டு மண்டபத்தில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் தொங்குவதையும் எந்தக் கட்டணத்தில் போடுவது? எரிவாயு கொண்டுவருபவர்கூட அந்தப் படத்தைப் பார்க்காமல் திரும்பிப்போக முடியாது. அம்மா விடமாட்டார்.

எங்கள் காலத்தில் பத்திரிகைக்கும் போகவில்லை. சுன்னாகத்துத் தரகர் ஒரு நீளக் கொப்பி வைத்திருந்தார். ஒரு பக்கம் ஆண், எதிர்ப்பக்கம் பெண். குலம், கோத்திரம், சீதனம், உத்தியோகம், எல்லாம் அதில் இருக்கும். சாத்திரியார் பத்துப் பொருத்தம் பார்ப்பார். பிறகு நல்லூரில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வார்கள். ஒரே நாள், ஒரே பூசை நேரம், ஒரே வாசல், எல்லாம் தற்செயல். அம்மாவின் சேலையின் நிறம் மட்டும்தான் எனக்கு அன்று தெரிந்தது, அதையும் இன்றுவரை தப்பாகச் சொல்கிறேனாம்.

அதற்குப் பிறகுதான் மொட்டைக் கடிதம் வந்தது. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் பின்பாதி தெரியாது. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது என்று யாரோ அம்மப்பாவுக்கு எழுதியிருந்தார்கள். அம்மப்பா ஒருவரிடமும் சொல்லவில்லை. இரவு மெயில் ரயிலில் ஏறிக் கொழும்புக்கு வந்துவிட்டார். என்னையும் பார்க்கவில்லை. நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து அறை எடுத்திருந்த ஒழுங்கைக்குப் பக்கத்துச் சைவக்கடையில் உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டிருக்கிறார். காசு மேசையில் இருந்தவரிடம் என் பெயரைச் சொல்லி, “அந்தப் பிள்ளைக்கு இங்கே கணக்கு இருக்கிறதா?” என்று கேட்டிருக்கிறார். இருக்கிறது. “மாதம் முடிய ஒழுங்காகத் தீர்க்கிறானா?” தீர்க்கிறான். “எத்தனை பேர் சாப்பாட்டுக்குக் கணக்கு?” ஒருவர். அவ்வளவுதான். அன்றிரவே திரும்பிவிட்டார். 1982 ஆவணியில் எங்கள் கலியாணம். உன் அம்மா எனக்குக் கிடைத்தது ஒரு சைவக்கடைக் கடன் கொப்பியின் சாட்சியில். கலியாணம் முடிந்து பல வருடம் கழித்துத்தான் அம்மப்பா இதை என்னிடம் சொன்னார்.

அந்தக் கடிதத்தின் உறையையும் காட்டினார். 'ழ'வின் சுழியைப் பார்த்ததுமே எழுதிய கை எனக்குத் தெரிந்துவிட்டது. யார் என்று உனக்கும் தெரியும். அம்மாவுக்கு முன்னால் பெயர் எடுக்காதே.

எதற்கு இதை எழுதுகிறேன் என்று கேட்பாய். சும்மாதான். விசாரிப்பது என்று ஒன்று அப்போது இருந்தது. படம் பார்ப்பதும் சாதகம் பார்ப்பதும் அதற்குப் பிறகுதான்.

யுத்தம் வந்ததும் அது குலைந்தது. ஊரே நாலு நாட்டில் கிடக்கும்போது யாரிடம் போய் விசாரிப்பது? 1990இல் ரயிலும் யாழ்ப்பாணத்துக்குப் போகாமல் நின்றது. மாப்பிள்ளை கனடாவில், பெண் மானிப்பாயில், பேச்சு வெள்ளவத்தைத் தொலைபேசிக் கடையில். வரிசையில் நின்று, நிமிடத்துக்கு நிமிடம் மீட்டரைப் பார்த்தபடி சம்பந்தம் பேசினார்கள். படத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டு விசாவுக்காக லொட்ஜில் காத்திருந்த பெண்களை நீயும் சின்னப் பிள்ளையாகக் கண்டிருக்கிறாய். உன் தலையில் பேன் பார்த்துவிட்ட அக்காவை நினைவிருக்கிறதா? அவள் போய் இறங்கிய வீட்டில் ஏற்கெனவே ஒரு பெண்ணும் பிள்ளையும் இருந்தார்கள். படத்தில் அந்தப் பிள்ளையை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தார்கள். தோளின் ஓரத்தில் ஒரு சின்னக் கை மட்டும் மிச்சம் இருந்தது. அதைப் பூவேலை என்று நினைத்தோமே என்று அவளுடைய தாய் அம்மாவிடம் சொல்லி அழுதார்.

பிறகு கணினி. அமெரிக்காவில் வேலை பார்த்த சென்னைக்காரர் முருகவேல் ஜானகிராமன் தமிழருக்காக ஓர் இணையத்தளம் நடத்தினாராம். அதில் கலியாணப் பகுதிக்குத்தான் கூட்டம் என்று கண்டு 2000இல் பாரத் மெற்றிமோனியைத் தொடங்கினார். தரகரின் கொப்பிக்குக் கண்ணாடி போட்டதுதான் அது. குலம், நட்சத்திரம், சம்பளம், எல்லாம் அதே வரிசை. சின்னம்மாவுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

இதெல்லாம் நம்மவர்களின் பைத்தியம் என்று நினைத்திருந்தேன். வெள்ளைக்காரரும் குறைந்தவர்கள் இல்லை. 1965இல் ஹார்வர்ட் மாணவர்கள் 75 கேள்விகள் கொண்ட தாளை அச்சடித்து, ஆளுக்கு மூன்று டொலர் வாங்கி, விடைகளைத் துளை அட்டையில் ஏற்றி, ஐ.பி.எம். கணினியில் பொருத்தம் பார்த்தார்களாம். எங்கள் சாத்திரியார் பத்தோடு முடித்துக்கொள்வார், வெற்றிலைச் செலவு மட்டும். ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் ரோசன்ஃபெல்ட் என்ற பேராசிரியரின் ஆய்வையும் வாசித்தேன். அமெரிக்காவில் 2017இல் சந்தித்த ஆண்-பெண் சோடிகளில் நூற்றுக்கு 39 அளவில் இணையத்தில் சந்தித்தவையாம். அதற்கு முன்பு அங்கே நண்பர்கள்தான் சேர்த்துவைத்தார்களாம். ஆக, அந்த ஊரிலும் தரகர் இருந்திருக்கிறார், அவரும் வேலையை இழந்துவிட்டார்.

மூன்றாம் மாடிப் பையன் தன் கைத்தொலைபேசியில் டிண்டரைக் காட்டினான். 2012இல் வந்ததாம். இடப்பக்கம் தள்ளினால் வேண்டாம், வலப்பக்கம் தள்ளினால் விருப்பம். இருவரும் வலப்பக்கம் தள்ளினால்தான் கதைக்கலாம். எத்தனை கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறார் என்றும் காட்டுகிறது. பம்பிள் என்று இன்னொன்று, 2014இல் தொடங்கியபோது பெண்தான் முதலில் எழுதவேண்டும் என்று விதி வைத்தார்களாம். அது எனக்குப் பிடித்தது. நான் எந்தப் படத்தையும் எந்தப் பக்கமும் தள்ளவில்லை, அம்மாவிடம் சொல்லிவிடு. தூரத்தைக் காட்டுகிற கருவி கடன் கொப்பியைக் காட்டவில்லையே என்றேன். பையன் சிரித்தான். அவனுக்குச் சைவக்கடையில் கணக்கு இல்லை, எல்லாம் அட்டையில் போகிறது.

ஆகவே விசாரிக்க வேண்டும், பிள்ளை. யார் எந்த வழியில் யாரைக் கண்டாலும் பரவாயில்லை, விசாரிக்க வேண்டும். வேலை இடத்தில் விசாரிக்கலாம். வாடகைக்கு விட்டவரிடம் விசாரிக்கலாம். தாயோடு எப்படிக் கதைக்கிறார் என்று கேட்டுப் பார்க்கலாம். பொதுவாகச் சொல்கிறேன். நீ நம்மவர்கள் நிறைந்த ஸ்காபரோவில் இருந்திருந்தால் நான் கேட்காமலே பாதி வெள்ளவத்தை எனக்குச் சொல்லியிருக்கும். கல்கரியில் எனக்கு ஒருவரையும் தெரியாது. அண்ணாவைக் கேட்டேன். “அவளையே கேளுங்கள் அப்பா” என்றான். அப்படியென்றால் லண்டனுக்குத் தெரிந்திருக்கிறது. கொழும்புக்குத்தான் தெரியாது. நல்லது.

தைப்பொங்கலன்று எங்களுக்குக் காலை, உனக்கு முதல்நாள் இரவு. நீ கதிரையில் இருந்து எங்களோடு கதைத்துக்கொண்டிருந்தாய். உனக்குப் பின்னால் குக்கர் மூன்று தடவை விசில் அடித்தது. நீ எழும்பவில்லை. குக்கர் அடங்கிவிட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பொங்கல் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு உனக்கு வேலை கூடிவிட்டது என்றாய். ஞாயிற்றுக்கிழமை அழைப்பும் நின்றுவிட்டது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. தானாக அடங்குகிற மின்சாரக் குக்கர்களும் இருக்கின்றன என்று மூன்றாம் மாடிப் பையன் சொல்கிறான். ஆனால் உனக்கு நாங்கள் வாங்கி அனுப்பியது அலுமினியக் குக்கர், கறுப்புக் கைப்பிடி, அதன் திருகாணி தளர்ந்திருக்கும். பருப்புக்கு மூன்றாவது விசிலில் நிறுத்த வேண்டும் என்று இந்த வீட்டில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். வேறு ஒருவருக்குத் தெரிகிறதென்றால் நீ சொல்லிக்கொடுத்திருக்கிறாய், அவரும் கேட்டிருக்கிறார். அம்மப்பா இருந்திருந்தால் இதை எந்தக் கணக்கில் எழுதியிருப்பார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்றாலும் விசாரி.

குளிருக்குக் காலுறை போடு. பனியில் இரவில் கார் ஓட்டாதே. அண்ணாவுக்குச் சொல்வதை எல்லாம் எனக்குச் சொல்லவேண்டும் என்றில்லை, பாதியைச் சொன்னால் போதும்.

கோண்டாவில் மாமி வீட்டுப் பொடியன் மாசி கடைசியில் ரொறன்ரோவுக்கு வருகிறான். அங்கிருந்து உனக்குப் பொதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அம்மா செத்தல் மிளகாயும் மல்லியும் மொட்டை மாடியில் காயப்போட்டிருக்கிறார். வழக்கமாக உனக்கு ஒரு கிலோ கறித்தூள், இம்முறை இரண்டு கிலோவுக்கு அளந்து வைத்திருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உறைப்பை வழக்கம்போல் விடுவதா, குறைப்பதா என்று மட்டும் உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னார். உன் பதில் வரும்வரை மில்லுக்குக் கொடுக்கமாட்டாராம். மழை வருவதற்குள் எழுது.

அன்புடன்,
அப்பா