செயலாளரின் ஆண்டறிக்கை: அலரி வேலியும் அதன் பாதுகாப்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு எங்கள் உழைப்பை அதிகம் வாங்கியது பொதுநோக்கு மண்டபத்தின் தெருப்பக்க அலரி வேலிதான். அதைப் பற்றியே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முன்பு அங்கே நட்ட செவ்வரத்தையைக் கட்டாக்காலி மாடுகள் மொட்டையடித்தன. குரோட்டன் ஆவணி வெயிலில் கருகியது. வன்னியில் வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை மழை அருமை, சோளகக் காற்றும் சேர்ந்து மண்ணை உலர்த்திவிடும். குடிக்கவே கிணறு இறங்கும் காலத்தில் பூச்செடிக்கு ஊற்றுங்கள் என்று யாரிடம் கேட்பது? அலரி வேர் பிடித்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. இலை தடித்தது, மெழுகுப் பூச்சுள்ளது. இலையின் மூச்சுத்துளைகள் அடிப்பக்கத்தில் மயிர் மூடிய குழிகளுக்குள் இருப்பதால் ஈரம் எளிதில் போகாது.

ஐப்பசி மழையோடு பென்சில் பருமனான தடிகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, மணல் கலந்த பைகளில் ஊன்றினோம். வேர்விட்டவற்றை ஆறடி இடைவெளியில் நட்டோம். பள்ளமான மூலையில் வெள்ளம் நின்று சில அழுகின. அவ்விடத்தை மண் போட்டு உயர்த்தினோம். வறட்சியைத் தாங்கும் இந்தச் செடிக்கு நிற்கும் தண்ணீர் ஆகாது. பூ குறைகிறது என்று உரத்தைக் கொட்ட வேண்டாம், நல்ல வெயில் போதும். புதுக்கொப்பின் நுனியிலேயே பூ வருவதால், ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் கத்தரித்துவிடுவது நல்லது.

சரி, இனி முக்கியமான விடயம். அலரியின் இலை, பூ, தடி, வேர், பால் எல்லாமே நஞ்சு. அது இதயத்துடிப்பைக் குழப்பும். காய்ந்த இலையிலும் நஞ்சு குறையாது, பச்சையில் தொடாத ஆடு வாடிய இலையைத் தின்றுவிடும். ஆகவே வெட்டிய கொப்பை வேலியோரம் போட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போகக்கூடாது. உடனே சாக்கில் அள்ளி, ஆழமான கிடங்கில் புதைக்க வேண்டும். எரிக்கவே கூடாது, புகையும் கெடுதல். அடுப்புக்கு விறகாகவோ, இறைச்சி வாட்டும் குச்சியாகவோ, கன்று கட்டும் கட்டையாகவோ எடுக்க வேண்டாம். முழுக்கைச் சட்டை, கையுறை போட்டு வெட்டுங்கள், பிறகு கத்தியையும் கையையும் சவர்க்காரத்தால் கழுவுங்கள். பால் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

சாமிக்குச் சாத்தும் பூவைப் பற்றியும் கேள்வி வந்தது. மாலையில் அலரி சேர்ப்பதில் தடையில்லை, ஆனால் நிவேதனத்தில் ஒரு இதழும் விழக்கூடாது. கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு 2024 மே மாதத்தில் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளியை, அதாவது அலரியை, தவிர்க்க முடிவெடுத்தது. நம் கோயில்களிலும் இதைச் சொல்லிவைப்போம்.

எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாம் என்ற கருத்தும் கூட்டத்தில் எழுந்தது. பிள்ளைகள் மீதுள்ள அக்கறையால் வந்த கருத்து அது, மதிக்கிறேன். ஆனால் மீள்குடியேறி வந்தபோது, மதிலும் கூரையும் போன வளவுகளில் அலரி மட்டும் பூத்து நின்றதைப் பலர் கண்டோம். அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவில் முதலில் பூத்த செடி என்று இதையே போற்றி, 1973 இல் நகரத்தின் மலராக்கினார்கள். அப்படிப்பட்ட செடியை அறிவோடு வளர்க்கலாம் என்பதே நிர்வாகசபையின் முடிவு. முன்பள்ளிப் பக்கத்தில் நின்றவற்றை மட்டும் வேரோடு அகற்றி, அங்கே நந்தியாவட்டை நட்டோம். மஞ்சள் அலரி வேறு இனம், அதன் விதை மிகக் கொடியது. அதைச் சங்கம் வழங்காது.

யாராவது தவறுதலாகத் தின்றால், வாந்தி வரும்வரை பார்த்திருக்காமல், கைவைத்தியமும் செய்யாமல், 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சை அழையுங்கள். தின்ற செடியின் துண்டையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், அடையாளம் காண உதவும்.

வரும் மாரிக்குத் தடி வேண்டுவோர் பெயரைப் பதியலாம். ஆடு, மாடு கட்டும் வளவுக்கும் சின்னப் பிள்ளைகள் உள்ள முற்றத்துக்கும் தரமாட்டோம். இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்