இலியாவின் கோடு: என் ஓவிய ஆசிரியருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். "கையைப் பழக்காதவர் வரைவதில் ஆர்வம் இருக்கலாம், அழகுகூட இருக்கலாம். ஆனால் அதைச் சமகாலக் கலை என்று சொல்லக்கூடாது" என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதற்கு மறுமொழி சொல்ல அப்போதே எனக்கு ஆசைதான். கையில் சான்று இல்லாமல் உங்களிடம் வாதாட முடியாது என்பதால் பேசாமல் இருந்தேன். இப்போது செர்பியாவில் ஷீட் என்ற சிறு நகரத்துக்குப் போய் வந்திருக்கிறேன். அங்கே பார்த்ததை உங்கள் முன் வைக்கிறேன். உங்களைப் போலவே நினைக்கும் ஓவிய ஆசிரியர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். ஆகவே உங்கள் அனுமதியோடு இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து குரோவேஷியத் தலைநகர் ஸாக்ரெபுக்குச் செல்லும் ரயில் பாதையில், குரோவேஷிய எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறது ஷீட். வோய்வோதினா மாகாணத்தில் ஸ்ரேம் என்று அழைக்கப்படும் பகுதி அது. மக்காச்சோளமும் கோதுமையும் விளையும் கரிய மண், கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி, ஒரு பக்கம் ஃப்ருஷ்கா கோரா மலையும் திராட்சைத் தோட்டங்களும். இவ்வளவு சின்ன ஊரில் இரண்டு ஓவியர்களுக்குத் தனித்தனி அருங்காட்சியகம் இருக்கிறது. ஒருவர் 1895-ல் பிறந்தவர், மற்றவர் 1896-ல். ஒருவர் உழவர். மற்றவர் பாரிஸில் பயின்றவர். உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

நீங்கள் மறுக்கமாட்டாதவரிடமிருந்தே தொடங்குகிறேன். ஸாவா ஷுமானொவிச் ஸாக்ரெபில் கலைக்கல்வி முடித்து, 1920-ல் பாரிஸ் சென்று ஆந்த்ரே லோட் என்ற பிரெஞ்சு ஓவியரிடம் கியூபிசம் படித்தவர். உருவத்தை உடைத்துத் தளங்களாக அடுக்கும் கணக்கு அவருக்குக் கைவந்த கலை. 1930-ல் மனநலம் குன்றி, பெற்றோர் இருந்த ஷீட்டுக்கே திரும்பி வந்தார். அதன் பிறகு ஊரை விட்டு எங்கும் போய்த் தங்கவில்லை. பனி படிந்த தெருக்கள், வண்டிப்பாதைகள், அறுவடை முடிந்த வயல்கள் என்று அந்த ஊரையே வரைந்துகொண்டிருந்தார். குளிக்கும் பெண்களின் கூட்டத்தைக் காட்டும் பெரிய படங்களில் எல்லா முகங்களும் ஒரே முகமாக இருக்கும். ஒரே பெண்ணைப் பல நிலைகளில் நிற்கவைத்து வரைந்து, ஒரு கூட்டமாகச் சேர்த்திருக்கிறார். அந்தக் கூட்டத்தின் அமைதி முதலில் அழகாகவும், கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் அச்சம் தருவதாகவும் இருந்தது.

1939-ல் பெல்கிரேடில் 410 படங்களுடன் ஒரு கண்காட்சி வைத்தார். தன் பிற்காலப் பாணிக்கு அவர் வைத்த பெயரைக் கேளுங்கள்: "தெரிந்தபடி, முடிந்தபடி." ஐயா, லோட்டின் மாணவர் சொன்னது இது. கற்றதையெல்லாம் கற்று முடித்த ஒருவர், கடைசியில் தன் பாணிக்கு இதைவிடச் சரியான பெயர் கிடைக்காமல் இப்படிச் சொன்னார் என்றால், அதை வெறும் அடக்கம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஷீட், நாஜிகளின் துணையோடு ஆண்ட குரோவேஷிய உஸ்தாஷா ஆட்சியின் கீழ் வந்தது. செர்பியர்கள் எழுதும் சிரிலிக் எழுத்துக்குத் தடை விதித்தார்கள். ஸாவா தன் படங்களில் பெயர் எழுதுவதை நிறுத்திக்கொண்டு ஆண்டை மட்டும் குறித்தார். 1942 ஆகஸ்ட் 28 அன்று ஊரைச் சேர்ந்த செர்பியர்கள் பலரோடு அவரையும் பிடித்துச் சென்று, ஸ்ரெம்ஸ்கா மித்ரோவிட்ஸாவில் சுட்டுக் கொன்றார்கள். வயது 46. திராட்சை பறிக்கும் பெண்களைத்தான் கடைசியாக வரைந்துகொண்டிருந்தார். 1952-ல் அவருடைய தாய் பெர்ஸிதா, மகனின் 417 படைப்புகளை ஊருக்குக் கொடுத்தார். அவற்றைக் கொண்டுதான் அந்தக் கலைக்கூடம் உருவானது.

இனி, யாருக்காக உங்களோடு வாதாட வந்தேனோ அவரைப் பற்றி.

இலியா பாஷிசெவிச் நான்கு வகுப்பு படித்தவர். நிலம், ஆடுமாடு, திராட்சை என்று வாழ்ந்த சம்சாரி. தன் பிள்ளைகள் இருவரும் படித்துப் பெரிய ஆளாக வேண்டும் என்று நினைத்தவர். ஸாவாவைப் பலிகொண்ட அதே ஆட்சியிடமிருந்து தப்பி, மகன்களோடு வியன்னாவுக்கு ஓடினார். போர் முடிந்து ஊர் திரும்பியவருக்கு அடுத்து வந்த கம்யூனிஸ்ட் ஆட்சியும் கைகொடுக்கவில்லை. கூட்டுப்பண்ணைக்கு இணங்காததால் நிலத்தை இழந்தார், சிறைக்கும் போனார். இவ்வளவுக்கும் பிறகு 1957-ல், 62 வயதில், வண்ணம் எடுத்து வரையத் தொடங்கினார். படங்களில் 'போசில்' என்று கையெழுத்திட்டார். மூத்த மகன் திமித்ரியே அப்போது ஸாக்ரெபில் பெயர்பெற்ற கலை வரலாற்றாளர். தன்னால் மகனுக்குச் சங்கடம் வந்துவிடக்கூடாது என்பதற்காகப் புனைபெயர்.

அவர் ஊருக்குக் கொடுத்த படங்களைக் கொண்டு அவர் உயிரோடு இருக்கும்போதே 1971-ல் அமைந்த அருங்காட்சியகத்தின் பெயர் 'இலியானும்'. சிறிய இடம். நான் போன நாளில் வேறு யாரும் வரவில்லை. அதனால் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் விரும்பிய நேரம் நிற்க முடிந்தது.

குதிரைமேல் ஒருவன் அமர்ந்திருக்கும் ஒரு படத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். குதிரைக்கு முன்னும் பின்னும் தலை. மேலே இருப்பவனுக்கும் இரண்டு முகம்: ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். தரை கிடையாது, அடிவானம் கிடையாது, நிழல் கிடையாது. பொன்னிறம் பூசிய வெற்றிடத்தில் குதிரை நிற்கிறதா பறக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. முதலில் உங்கள் கண்ணால்தான் பார்த்தேன். கால்கள் உடலோடு சேரும் இடத்தில் உடற்கூறு தவறு. விரல்கள் ஒரே அளவு. பிறகு வெளிக்கோட்டைப் பின்தொடர்ந்தேன். முன்தலையின் காதில் தொடங்கி, கழுத்து, முதுகு, பின்கழுத்து என்று ஓடி அடுத்த காதில் முடிகிறது. நடுவில் தயக்கமே இல்லை. தடவித் திருத்திய இடமும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தக் கோட்டுக்கு உட்புறமாக வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. வயிற்றருகே நெருக்கமாகவும், கழுத்தில் ஏறும்போது இடைவெளி விட்டும். அந்த இடைவெளிதான் குதிரைக்கு அசைவைத் தருகிறது. "கோடு எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று தெரிந்தவன்தான் ஓவியன்" என்று வகுப்பில் சொல்வீர்களே, அதையே அளவுகோலாக வைத்துக் கேட்கிறேன்: இவர் ஓவியர் இல்லையா?

இலியா கண்ணாடியிலும் தீட்டியிருக்கிறார். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியங்களை நன்கு அறிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்புறமிருந்து தீட்டும்போது முதலில் போட்ட கோடுதான் பார்ப்பவருக்கு முன்னால் நிற்கும். பின்னால் எவ்வளவு வண்ணம் பூசினாலும் அதை மறைக்க முடியாது. எதை முதலில் போடுவது, எதைக் கடைசியில் பூசுவது என்று முழுப் படத்தையும் தலைகீழ் வரிசையில் மனத்தில் வைத்திருந்தால்தான் அது நடக்கும். இதைப் பயிற்சி இல்லாத கை என்று எப்படிச் சொல்வது? பயிற்சி பள்ளியில் நடக்கவில்லை என்று மட்டுமே சொல்லலாம்.

எல்லாப் படங்களும் ஒரே தரம் என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். நிறைய வரைந்திருக்கிறார், சிலவற்றில் அவசரம் தெரிகிறது. சில பறவைகள் முந்தைய பறவைகளின் நகல்கள். ஆனால் விவிலியத்தின் வெளிப்படுத்தல் காட்சிகள், செர்பிய வீரகாவிய நாயகர்கள், சிறகு முளைத்த மனிதர்கள் எல்லோரையும் அந்த இரட்டை முகத்தோடு ஒரே உலகத்துக்குள் குடியேற்றியிருக்கிறாரே, அந்த உலகம் வேறு யாரிடமும் கடன் வாங்கியது இல்லை. இரண்டு ஆட்சிகளின் கையில் சிக்கி மீண்ட ஒருவர் மனிதர்களுக்கு இரண்டு முகம் வரைந்ததற்கு நான் காரணம் தேடிக்கொண்டிருக்கவில்லை.

செர்பியாவும் குரோவேஷியாவும் சேர்ந்திருந்த அப்போதைய யூகோஸ்லாவியாவில் 'நாயீவ்' ஓவியம், அதாவது முறையாகக் கற்காதவர்களின் ஓவியம், என்றால் குரோவேஷியாவின் ஹ்லெபினே கிராமத்து ஓவியர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். இவான் கெனெராலிச் அவர்களில் பெயர் பெற்றவர். பனிக்காலத்து மரங்கள், மாடுகள், திருமண ஊர்வலங்கள் என்று கண்ணாடியில் நுணுக்கமாகத் தீட்டுவார்கள். அவர்களுக்குத் தொடக்கத்தில் வழிகாட்டியவர் க்ர்ஸ்தோ ஹெகெதுஷிச், முறையாகக் கற்ற ஓவியர். அதாவது 'கற்காதவர்கள்' என்று உலகம் கொண்டாடியவர்களுக்கும் பின்னால் ஓர் ஆசிரியர் இருந்தார். இலியாவுக்கு அப்படி யாரும் இல்லை. அவர் படத்தில் கிராமமும் இல்லை. பார்த்தவர்களுக்கு அது ஐரோப்பிய நவீன ஓவியத்துக்குப் பக்கத்தில் நிற்பதாகத் தெரிந்தது. சந்தேகம் அங்கேதான் முளைத்தது. நான்கு வகுப்பு படித்த கிழவர் இப்படி வரைவாரா? மகன் வரைந்து கொடுக்கிறாரோ?

பத்திரிகைகளில் பேச்சு பெரிதாகி, 1965-ல் இலியா ஸாக்ரெபில் ஒரு குழுவின் முன்னால் உட்கார்ந்து வரைந்து காட்ட வேண்டியதாயிற்று. எழுபதை எட்டும் வயதில், பரீட்சை எழுதும் பையனைப் போல. அவர் வரைந்தார். படங்கள் அவருடையவைதான் என்பது நிலைநாட்டப்பட்டது. இதை எழுதும்போது எனக்கு இன்னமும் கோபம் வருகிறது, ஐயா. பாரிஸில் பயின்ற எவரையாவது இப்படி உட்காரவைத்துச் சோதித்திருப்பார்களா? அவரைச் சந்தேகித்தவர்கள் படம் மோசமாக இருக்கிறது என்று குறை சொல்லவில்லை. நன்றாக இருந்ததுதான் குற்றமாயிற்று. "ஆர்வம் மட்டுமே, கலை ஆகாது" என்ற உங்கள் தீர்ப்பும் அந்தச் சந்தேகமும் ஒரே வேரிலிருந்து வருகின்றன என்று நினைக்கிறேன். உங்கள் மாணவி என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

இந்தக் கதையில் மகனுக்கும் ஓர் இடம் உண்டு. தந்தைக்கு வரைந்து கொடுத்ததாகச் சந்தேகிக்கப்பட்ட திமித்ரியே உண்மையிலேயே ஓர் ஓவியர்தான். அதை வெளியில் சொல்லாமல் 'மாங்கெலோஸ்' என்ற பெயரில் வேறொரு கலையைச் செய்துகொண்டிருந்தார். 1959 முதல் 1966 வரை ஸாக்ரெபில் இயங்கிய கொர்கோனா என்ற கலைஞர் குழுவில் அவரும் ஒருவர். போரில் நண்பர்கள் இறந்தபோது குறிப்பேட்டில் கருப்புச் சதுரங்கள் வரைந்ததில் அவருடைய கலை தொடங்குகிறது. பிறகு கருப்புப் பலகையில் பள்ளிக் கையெழுத்தில் சொற்கள், வண்ணம் பூசி மறைத்த பூகோள உருண்டைகள். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அவர் படைப்புகளை வைத்திருக்கிறது. படித்த மகன் படத்தைத் துறந்து எழுத்துக்கும் வெறும் கருப்புக்கும் போனார். படிக்காத தந்தை அதே ஆண்டுகளில் பொன்னிறத்தில் இரட்டைத் தலைக் குதிரைகளைப் பறக்கவிட்டார். இருவருக்கும் நடுவில் கடிதங்களும் ரயில் பயணங்களும் இருந்திருக்கும். மகனைச் சமகாலக் கலைஞர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதே போரையும் அதே வீட்டையும் அதே பத்தாண்டுகளையும் பகிர்ந்துகொண்ட தந்தையை எந்தக் காலத்தில் கொண்டுபோய் வைப்பது?

செர்பியாவில் இந்தக் கேள்விக்கு நிறுவனங்களே இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. பெல்கிரேடில் ஸாவா ஆறும் டான்யூபும் கூடும் இடத்தில் 1965-ல் திறந்த சமகாலக் கலை அருங்காட்சியகம் பளிங்கு போர்த்திய அழகான கட்டடம். இவான் ஆந்திச்சும் இவாங்கா ரஸ்போபொவிச்சும் வடிவமைத்தது. 2007-ல் சீரமைப்புக்காக மூடி, 2017-ல்தான் மீண்டும் திறந்தார்கள். சுயமாகக் கற்றவர்களுக்கோ யாகோதினா நகரில் 1960-ல் தொடங்கிய தனி அருங்காட்சியகம் இருக்கிறது. தனி வீடு கொடுத்தது மரியாதைதான், அதனால்தான் அவர்கள் படங்கள் பிழைத்தன. ஆனாலும் கற்றவரையும் கல்லாதவரையும் அடுத்தடுத்துப் பார்த்து ஒப்பிடுவதற்கு ஷீட்டைப் போன்ற இடம் அமைவது அரிது. காலையில் ஸாவா, பிற்பகலில் இலியா. நடந்தே போய்விடலாம்.

இலியா 1972 மே மாதம் காலமானார். தன் பெயரில் அமைந்த அருங்காட்சியகத்தைக் கொஞ்ச காலமாவது பார்த்துவிட்டுத்தான் போனார் என்பதில் எனக்கு நிறைவு.

அங்கே வாங்கிய படத்தொகுப்பைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பக்கங்களுக்கு நடுவே குறிப்புத்தாள் வைத்திருப்பது நான் சொன்ன குதிரை. அச்சில் பொன்னிறம் மங்கியிருக்கிறது, அதைப் பொருட்படுத்த வேண்டாம். கோட்டை மட்டும் பாருங்கள். எந்த இடத்தில் அது தடுமாறுகிறது என்று சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். தடுமாற்றம் இல்லை என்று உங்களுக்கும் தோன்றினால், வரும் கோடை விடுமுறையில் நீங்கள் நடத்தும் மாணவர் கண்காட்சியில், உங்கள் வகுப்பில் சேராத பிள்ளைகளின் படங்களுக்கும் ஒரு சுவர் ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். தனிச் சுவர் வேண்டாம், மற்ற படங்களுக்கு நடுவிலேயே மாட்டுங்கள். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களுடையது, உங்கள் கண்ணில் எனக்கு என்றும் நம்பிக்கை உண்டு.

அன்புடன்,
உங்கள் மாணவி