புண்ணாக்கைக் கூட்டினால் மட்டும் பால் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கறவை மாட்டுத் தீவனம் பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். பால் குறைந்தால் புண்ணாக்கைக் கூட்டுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். மாடு வளர்க்கிறவன் என்ற முறையில் எனக்கு அது சரியாகப் படவில்லை.

புண்ணாக்கு வைப்பதே புரதத்துக்காகத்தான். ஆனால் நாம் வைக்கிற புரதத்தில் பெரும்பகுதி முதலில் போவது மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களுக்குத்தான், நார்த்தீவனத்தைச் செரிக்க வைப்பதே அவைதான். மொத்தத் தீவனத்தில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் அவற்றின் வேலை மந்தமாகிவிடும். நெல் வைக்கோலில் 3, 4 சதவீதம்தான் இருக்கிறது. வெறும் வைக்கோலைப் போட்டால் அது செரிக்காமல் வயிற்றிலேயே கிடக்கும், வயிறு காலியாகாததால் மாடு அடுத்த கட்டைத் தொடாது, நாமோ மாட்டுக்கு வாய்க்கொழுப்பு என்று திட்டுகிறோம். புரதம் கூடுதலாக உள்ள பசுந்தீவனமாகக் கொஞ்சம் அகத்தியோ வேலிமசாலோ தட்டைப்பயறுக் கொடியோ நறுக்கிக் கலந்து போட்டால் அதே வைக்கோலை அதே மாடு கூடுதலாகத் தின்னும்.

சரி, அதற்காகக் கடலைப் புண்ணாக்கை அள்ளி வைக்கலாமா? அதில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம். வயிற்றில் அது உடைந்து அம்மோனியா ஆகிறது. நுண்ணுயிர்கள் அதைப் பிடித்துத் தங்கள் உடம்பாக்கிக்கொள்ள மாவுச்சத்து வேண்டும், அதாவது மக்காச்சோளமோ கம்போ கூடவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிஞ்சும் அம்மோனியா ரத்தத்தில் கலந்து, கல்லீரல் அதை யூரியாவாக்கி மூத்திரத்தில் தள்ளுகிறது. அந்த வேலைக்கும் மாட்டின் சக்திதான் செலவாகிறது, பாலுக்குப் போக வேண்டிய சக்தி அது! காசு கொடுத்து வாங்கிய புண்ணாக்கு சாக்கடையில் போகிறது என்பதோடு, அளவு மிஞ்சினால் சினை பிடிப்பதும் தள்ளிப்போகலாம். சினை நிற்கவில்லை என்று ஊசிக்கு மேல் ஊசி போடுகிறவர்கள் தீவனத் தொட்டியையும் ஒருமுறை பார்க்கட்டும்.

பால் சங்கத்தில் கொழுப்பும் இதர சத்தும்தான் பார்க்கிறார்கள், அந்த யூரியாவில் கொஞ்சம் பாலிலும் வரும், அது எவ்வளவு என்று பார்த்துச் சொன்னால் தீவனத்தில் புரதம் கூடுதலா குறைவா என்று எங்களுக்கே ஓரளவு புரிந்துவிடும். கலப்புத்தீவன மூட்டையில் புரத அளவு அச்சடித்திருக்கிறது, ஆனால் வயலில் விளைவதற்கு யார் சொல்வது? நம் பக்கத்துத் தட்டை, புல், தழை, புண்ணாக்கு எதில் எவ்வளவு புரதம் என்று ஒரு அட்டவணையை, கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, அடுத்த இதழிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பால் மாட்டு விவசாயி