நைனாவுக்கு, காற்றாலைப் பக்கத்திலிருந்து

ஹாமில்டன், விக்டோரியா, ஆஸ்திரேலியா
ஜூன் மாதம்

அன்புள்ள நைனாவுக்கு,

செல்வி எழுதுவது. நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் அம்மா நடுவில் புகுந்து சாப்பாட்டுப் பேச்சுக்கு இழுத்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். பெரியப்பா அனுப்பிய வாட்ஸ்அப் வீடியோவைப் பார்த்ததிலிருந்து நீங்கள் சரியாகத் தூங்கவில்லையாமே. காற்றாலைச் சத்தத்தில் தலைசுற்றல், நெஞ்சு படபடப்பு, காது இரைச்சல் எல்லாம் வரும், பெண்ணை வேறு ஊருக்கு மாறச் சொல் என்றாராம்.

முதலில் இந்த ஊரைப் பற்றிச் சொல்கிறேன். அக்னி நட்சத்திரம் முடிந்தும் அங்கே வெயில் தணியவில்லை என்கிறாள் அம்மா. இங்கேயோ காலையில் கார் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டி எடுத்த பிறகுதான் வண்டியை நகர்த்த முடியும். சுற்றிலும் ஆட்டு மந்தைகள், கம்பளிதான் பிழைப்பு. எனக்கு முதியோர் இல்லத்தில் பெரும்பாலும் நைட் டியூட்டி. புளியும் பொன்னி அரிசியும் வேண்டுமென்றால் பெரிய ஊருக்குத்தான் போக வேண்டும். தெற்குக் கடலிலிருந்து வரும் காற்று வருஷம் முழுக்க ஓய்வதில்லை. அதற்காகத்தான் இங்கே காற்றாலை வைத்தார்கள்.

தெற்கே மக்கார்த்தர் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் 140 காற்றாலைகள், மொத்தம் 420 மெகாவாட். 2013லிருந்து ஓடுகின்றன. கன்னியாகுமரி போனபோது முப்பந்தலில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தோமே, அவற்றைவிட இவை மிகப் பெரியவை. உடன் வேலை செய்யும் ஒருத்தியின் வீடு அந்தப் பக்கம்தான். ஒரு சாயங்காலம் அங்கே போய் வேலியோரம் நின்று கேட்டேன். நனைந்த புடவையை உதறிக் காயப்போடுவது மாதிரி ஒரு சத்தம், நிறுத்தி நிறுத்தி வருகிறது. பகலில் மரங்களின் இரைச்சலோடு கலந்துவிடும். இருட்டிய பிறகுதான் தனியாகக் கேட்கும். இரவில் தரை குளிர்ந்து கீழே காற்று அடங்கிவிடும், ஆனால் இறக்கை இருக்கும் உயரத்தில் அது வீசிக்கொண்டேதான் இருக்கும். சத்தத்தை மறைக்கக் கீழே வேறு ஒலி இருக்காது. காட்பாடி ஜங்ஷன் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு இது ஒரு சத்தமா என்றுதான் முதலில் தோன்றியது. அந்தத் தோழியோ படுக்கையறையை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். ஊரே நிசப்தமாக இருக்கும்போது, அடுத்தது எப்போது வரும் என்று காது காத்துக்கொண்டே இருக்குமாம்.

நோய் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பேச்சைப் பெரிதாகக் கிளப்பியவர் நீனா பியர்பாண்ட் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், 2009ல். காதுக்கே கேட்காத தாழ்ந்த ஒலி, அதாவது 20 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ளது, உடம்பைக் கெடுக்கிறது என்பதுதான் இதில் பெரிய குற்றச்சாட்டு. அந்த ஒலி கடல் அலையிலும் வெறும் காற்றிலும்கூட இருக்கிறது. 2013ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் சுற்றுச்சூழல் துறை வீடுகளில் அளந்து பார்த்தது. காற்றாலைக்குப் பக்கத்து வீடுகளில் மற்ற இடங்களைவிட அது கூடுதலாக இல்லை. சிட்னியில் சத்தம் என்றாலே எரிச்சல் படுகிற 37 பேரைத் தேர்ந்தெடுத்து, மூன்று நாள் அதே ஒலிக்குள் தங்கவைத்தார்கள். தூக்கம், இதயம், மூளை எதிலும் மாற்றம் இல்லை என்று 2023ல் முடிவு வந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த சோதனை இன்னும் சுவாரசியம். பயமுறுத்தும் வீடியோ காட்டிவிட்டு 54 பேரில் பாதிப் பேரை உட்காரவைத்தார்கள். நிஜமாகவே ஒலியை விட்டபோதும் சரி, ஒன்றுமே விடாமல் விட்டதாகச் சொன்னபோதும் சரி, அவர்களுக்குத் தொந்தரவு தெரிந்தது. பெரியப்பாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அவர் அனுப்பியதும் அப்படி ஒரு வீடியோதான்.

அதற்காக எதிர்க்கிறவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. கனடா அரசு 1,238 வீடுகளில் ஆராய்ந்து 2014ல் சொன்னது இது: சத்தத்துக்கும் நோய்க்கும் தொடர்பு தென்படவில்லை, ஆனால் சத்தம் கூடக்கூட எரிச்சல் கூடுகிறது. காற்றாலையால் வருமானம் வருகிறவர்களுக்கு அந்த எரிச்சல் குறைவு. இங்கே அதைக் கண்ணால் பார்க்கலாம். நிலத்தில் காற்றாலை வைத்தவருக்கு வருஷா வருஷம் வாடகை வருகிறது. வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்குச் சத்தம் மட்டும்தான் பங்கு. யாரையும் கேட்காமல் கொண்டுவந்து நிறுத்தினால் இறக்கை சுற்றுவதைப் பார்க்கும்போதே அவருக்குப் பற்றிக்கொண்டு வருமா வராதா? நம் தெருவில் ஒலிபெருக்கி கட்டுகிறவருக்குத் தலைவலி வந்து பார்த்திருக்கிறீர்களா?

டென்மார்க்கில் நாடு முழுக்க எடுத்த கணக்கு ஒன்றுதான் என்னை யோசிக்கவைக்கிறது. வீட்டுக்கு வெளியே சத்தம் 42 டெசிபலைத் தாண்டிய இடங்களில், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் தூக்க மாத்திரையும் மன அழுத்த மாத்திரையும் சற்று அதிகமாக வாங்கியிருந்தார்கள். முதியவர்களுக்குத் தூக்கம் போனால் என்ன ஆகும் என்று இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். அதனால் தூக்கக் கேட்டை மட்டும் யாராவது கேலி செய்தால் கோபம் வருகிறது. இதே விக்டோரியாவில் பால்ட் ஹில்ஸ் என்ற இடத்துக் காற்றாலை மீது அக்கம்பக்கத்தார் இருவர் வழக்குப் போட்டு 2022ல் ஜெயித்தார்கள். புது நோய் வந்தது என்று அல்ல, இரவில் தூங்க விடவில்லை என்றுதான் தீர்ப்பு. நஷ்டஈடு 2,60,000 டாலர், இரவுச் சத்தத்தைக் குறைக்கவும் உத்தரவு.

இங்கே எதிர்க்கிறவர்கள் "தீங்கு நிரூபணமாகும்வரை காத்திருக்கக் கூடாது" என்று பேசும்போது எனக்கு நம் பாலாறுதான் ஞாபகம் வருகிறது. தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு வழக்கில் 1996ல் சுப்ரீம் கோர்ட் அந்த நியாயத்தை இந்தியச் சட்டத்தின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டது நம் மாவட்டத்தை வைத்துத்தானே. வழக்குப் போட்டதும் வேலூர்க்காரர்கள். ஆனால் அங்கே கழிவு கண்ணுக்குத் தெரிந்தது, கிணற்றில் வாய் வைக்க முடியவில்லை. இங்கே பல வருஷம் அளந்து அளந்து பார்த்தும் தூக்கத்தையும் எரிச்சலையும் தாண்டி எதுவும் பிடிபடவில்லை. அப்படியும் இங்கே விதி உண்டு: காற்றாலையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் அந்த வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். வீட்டருகே சத்தம் 40 டெசிபல், அல்லது சுற்றுப்புற ஒலியைவிட 5 கூடுதல், இதில் எது அதிகமோ அதைத் தாண்டக் கூடாது. இவ்வளவு எச்சரிக்கையில் பாதியாவது நம் ஆற்றுக்குக் கிடைத்திருக்கலாம் என்று வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

ஆகவே நான் ஊர் மாறப்போவதில்லை, நைனா. என் வீடு டவுனுக்குள், ஒரு காற்றாலைகூட ஜன்னலில் தெரியாது. என் தூக்கத்தைக் கெடுப்பது நைட் டியூட்டிதான், அதுவும் ஆகஸ்டில் பகலுக்கு மாறுகிறது.

அம்மாவை சி.எம்.சி.யில் கண் காட்டச் சொன்னேனே, போனீர்களா? இந்த மாதப் பணம் திங்கட்கிழமை வந்துவிடும். கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்த ரிப்போர்ட் வந்ததும் தம்பியிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்புங்கள். அதுவரை அந்தத் தண்ணீரில் சமைக்க வேண்டாம், கேன் தண்ணீரே வாங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்
செல்வி