ரூட்டர் பேனல் பட்டன் விவகாரம்

அன்புள்ள மாப்ளே,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். ரூட்டரை இயக்குகிற பட்டன் பேனல் வேலை முடிந்ததா என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறாய். இதைப் போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். பெரியவள் பிளஸ் டூ என்பதால் ஆறு மாதமாக ஹாலில் டிவி ஓடுவதில்லை. டிவி கம்பெனியில் வேலை பார்க்கிறவன் வீட்டில் இந்த நிலைமை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, உன்னை விசாரித்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய ரூட்டரை, அதாவது எந்தப் படம் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று திருப்பிவிடுகிற பெட்டியை, ஒருவழியாகக் கழற்றிவிட்டோம். வீடியோவுக்கு ஒரு லெவல் (தனி அடுக்கு), ஆடியோவுக்கு இரண்டு லெவல் என்று தனித்தனியாக மாற்றிக்கொண்டிருந்தோமே, அதேதான். படம் ஒரு ஊரிலிருந்தும் சத்தம் இன்னொரு ஊரிலிருந்தும் வந்த நாட்கள் உனக்கு மறந்திருக்காது. இப்போது வந்திருப்பது பிளாக்மேஜிக் வீடியோஹப் 40x40 12ஜி. நாற்பது உள்ளே, நாற்பது வெளியே, எல்லாம் எஸ்டிஐ, ஒரே கேபிளில் படமும் சத்தமும் போகிற முறை. ஆடியோ எம்பெட் ஆகி வீடியோவுடனேயே போய்விடுகிறது. சத்தத்தை மட்டும் பிரித்து அனுப்ப வேண்டுமென்றால்தான் இப்போது தலைவலி, டீ-எம்பெடர் போட்டுச் சுற்றிவர வேண்டும். அது எங்களுக்கு எப்போதாவதுதான் தேவைப்படும் என்பதால் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

கேபிள் இழுத்து பிஎன்சி முனை அடித்து முடித்த அன்றே மேனேஜர் வந்து, "பட்டன் புரோகிராம் பண்றதுதானே பாக்கி, சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாமே" என்றார். ஒரு விதத்தில் அவர் சொன்னது சரிதான். பேனலை யுஎஸ்பியில் லேப்டாப்புடன் இணைத்து, செட்டப் மென்பொருளைத் திறந்தால் பட்டன்கள் படமாக வரிசையாக வரும். ஒன்றைத் தொட்டு இது சோர்ஸா (படம் வருகிற இடம்) டெஸ்டினேஷனா (படம் போகிற இடம்), எத்தனையாவது என்று சொல்ல வேண்டியதுதான், மவுஸ் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம். ஆனால் எந்தப் பட்டனில் எதைப் போடுவது, யார் கைக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்யத்தான் வாரக்கணக்கில் ஆனது. அந்த வேலைக்கு மென்பொருள் எதுவும் கிடையாது மாப்ளே. ஒவ்வொரு நாற்காலியாகப் போய் உட்கார்ந்து, அங்கே இருக்கிறவன் எட்டு மணி நேரம் என்ன செய்கிறான் என்று பார்த்தால்தான் தெரியும்.

நிகழ்ச்சியை நடத்துகிற கட்டுப்பாட்டு அறையான பிசிஆரில் புரொட்யூசர் பக்கத்தில் ஒரு பேனல். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு மானிட்டர். அதில் எந்த மாவட்டத்து ஃபீட் வந்திருக்கிறது, விருந்தினர் உட்கார்ந்துவிட்டாரா என்று மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் அதை கட்-பஸ்ஸாக வைத்துவிட்டேன். டெஸ்டினேஷன் ஒன்றுதான், மற்ற பட்டன் அத்தனையும் சோர்ஸ், அமுக்கினால் உடனே மாறும். அவர் என்ன தப்பாக அமுக்கினாலும் அவருடைய மானிட்டர்தான் மாறும், ஏர், அதாவது ஒளிபரப்பில் போவது, மாறாது. முதலில் அவர் கோபித்துக்கொண்டார். ஸ்டுடியோ சுவரில் இருக்கிற பெரிய திரையையும் தானே மாற்ற வேண்டுமாம். அது கேமராக்களை மாற்றி மாற்றிக் காட்டுகிற சுவிட்சர்காரர் வேலை, அவரிடம் அதற்கென்று ஆக்ஸ் அவுட்புட் இருக்கிறது, இரண்டு பேர் கையில் ஒரே திரையைக் கொடுத்தால் லைவில் சண்டை வரும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சேனல் ஏருக்குப் போகிற கடைசி அறையான எம்சிஆரின் பேனல்தான் உண்மையான விவகாரம். 2024 ஜூன் 4, வாக்கு எண்ணிக்கை நாள், அன்று எங்கள் ஏரில் என்ன போனது என்று உனக்குச் சொன்னேனா தெரியவில்லை. பழைய பேனலில் டெஸ்டினேஷன் பட்டன்கள், அவுட்புட் நம்பர் எந்த வரிசையோ அதே வரிசையில் இருந்தன. முதலில் ஏருக்கு அனுப்புகிற என்கோடர் மெயின், அடுத்து என்கோடர் பேக்கப், அதை ஒட்டினாற்போல் பிரிவியூ மானிட்டர். மாற்றத்தை உறுதிசெய்கிற டேக் பட்டனும் கிடையாது, சோர்ஸை அமுக்கினால் அந்த நொடியே மாறும். ஒரு எண்ணிக்கை மையத்திலிருந்து நிருபர் குழு முதுகில் மாட்டி நேரலை அனுப்புகிற பேக்பேக் யூனிட் சிக்னல் வருகிறதா என்று பிரிவியூவில் பார்க்க நினைத்த பையன், டெஸ்டினேஷன் இன்னும் என்கோடர் மெயினிலேயே நிற்பதைக் கவனிக்காமல் சோர்ஸை அமுக்கிவிட்டான். முன்னணி நிலவரம் ஓடிக்கொண்டிருந்த இடத்தில், கிராபிக்ஸ் எதுவும் இல்லாமல், எங்கள் நிருபர் நின்று நிதானமாக டீ குடிக்கிற காட்சி போனது. சில விநாடிதான், ஆனால் அதற்குள் ஸ்கிரீன் ஷாட் எடுத்துவிட்டார்கள். பையனுக்கு மெமோ கொடுத்தார்கள். எனக்குக் கேட்டால் மெமோவை அந்தப் பேனலுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். தூக்கமில்லாத கண்ணோடு இருட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு விரல் அகலத்தில் இரண்டு டெஸ்டினேஷனைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தது யார்?

அதனால் இந்தத் தடவை எம்சிஆரில் எக்ஸ்-ஒய் முறை, டேக் கட்டாயம். டெஸ்டினேஷனை அமுக்கினால் அதில் இப்போது என்ன போகிறது என்று சோர்ஸ் பட்டன் எரிந்து காட்டும். புது சோர்ஸை அமுக்கினால் அது கண்சிமிட்டும், டேக் அடிக்கிற வரைக்கும் ஒன்றும் மாறாது. ஒரு விநாடி தாமதம்தான், ஆனால் அந்த ஒரு விநாடியில்தான் மனுஷன் தன் விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறான். மூத்த ஆபரேட்டர் ஒருவர் "எனக்கு டேக் எல்லாம் வேண்டாம், இருபது வருஷமா கை பழகியிருக்கு" என்று வாதாடினார். அவர் கைக்கு வேண்டாம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பேனலில் ராத்திரி ஷிப்டில் உட்காரப்போவது அவர் இல்லையே.

அடுத்து இடைவெளி. என்கோடர் மெயினும் பேக்கப்பும் பேனலின் ஒரு ஓரத்தில். அதற்கப்புறம் இரண்டு பட்டனை எதுவும் போடாமல் காலியாக விட்டேன், அதன் பிறகுதான் மானிட்டர்கள். "காசு கொடுத்து வாங்கின பட்டனை எதுக்கு சும்மா விடுறீங்க" என்று அக்கவுண்ட்ஸ் ஆள்கூடக் கேட்டார்! அந்தக் காலிப் பட்டன் இரண்டும்தான் அந்தப் பேனலிலேயே அதிகம் உழைப்பவை என்றால் அவருக்குப் புரியாது. சோர்ஸ் பக்கம் இரண்டு முனையிலும் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கிற மாதிரி முக்கியமானவை: இடது கோடியில் பிஜிஎம் (பிசிஆரிலிருந்து வருகிற நிகழ்ச்சி), வலது கோடியில் ஃபில்லர் (இடைநிரப்புப் படம்) ஓடுகிற பிளேயர். பிசிஆரே இருண்டு போனாலும், டெஸ்டினேஷனைத் தேர்ந்தெடுத்து, வலது கோடியை அமுக்கி, டேக் அடித்தால் ஏரில் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். வண்ணப் பட்டைகள் தெரிகிற கலர் பார் வைக்கலாம் என்று ஒரு கட்சி இருந்தது. பார் போனால் பார்க்கிறவன் சேனல் போச்சு என்று ரிமோட்டை எடுப்பான், ஃபில்லர் போனால் விளம்பரம் என்று உட்கார்ந்திருப்பான். ஃபில்லர்தான் ஜெயித்தது.

நம்பர் குழப்பம் பற்றி உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும், நீதான் சிரிப்பாய். ரூட்டர் முதுகில் 1 முதல் 40 வரை அச்சடித்திருக்கிறது. ஈதர்நெட் வழியாக, 9990 போர்ட்டில், அதனோடு பேசினால் அது 0 முதல் 39 வரை எண்ணுகிறது. ரூட்டிங் கட்டளைக்குக் கீழே "7 12" என்று எழுதி அனுப்பினால், எட்டாவது அவுட்புட்டுக்குப் பதின்மூன்றாவது இன்புட் போகும். ரூட்டர்களோடு பேசுகிற பழைய ப்ரோ-பெல் எஸ்டபிள்யூ-பி-08 புரோட்டோகாலிலும் இதே கதைதான். எங்கள் ஆட்டோமேஷன் ஆட்கள் வெளியிலிருந்து வந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தார்கள், எல்லாம் ஒன்று தள்ளிப் போனது, கேமரா இரண்டைக் கேட்டால் மூன்று வந்தது. கேபிளை மாற்றிக் குத்தியிருக்கிறீர்கள் என்று எங்கள் மேல் பாய்ந்தார்கள். நல்லவேளை, புரோட்டோகால் வெறும் எழுத்துதான். எழுத்திலேயே கருவியோடு பேசுகிற டெல்நெட்டில் இணைந்த உடனேயே லேபிள், ரூட்டிங், லாக் எல்லாவற்றையும் அதுவே கொட்டிவிடும். அதை அவர்கள் முன்னாலேயே திறந்து காட்டியதும் பேச்சு நின்றது.

அப்படி யார் வேண்டுமானாலும் டெல்நெட்டில் புகலாம் என்பதுதான் இன்னொரு பக்கம். பாஸ்வேர்ட் என்ற பேச்சே கிடையாது. அந்த நெட்வொர்க்கில் இருக்கிற எந்த லேப்டாப்பும் ஏரை மாற்றலாம். பேனலில் இவ்வளவு யோசித்து இடைவெளி விட்டு என்ன பயன், எடிட் அறையிலிருக்கிற ஒரு பையன் விளையாட்டுக்கு மென்பொருளை இறக்கி ஓடவிட்டால் முடிந்தது கதை. ரூட்டரையும் பேனல்களையும் தனி விலேனில் (மற்ற கணினிகளிலிருந்து பிரித்த தனி நெட்வொர்க்கில்) போடச் சொல்லி ஐடியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். அவுட்புட்டைப் பூட்டுகிற லாக்கை நம்பாதே. தவறுதலாக மாற்றுவதை அது தடுக்கும். வேண்டுமென்றே மாற்ற நினைப்பவனுக்கு வலுக்கட்டாயமாகத் திறக்கிற வழியும் அதே புரோட்டோகாலில் இருக்கிறது.

பட்டன் லேபிள் தனி ராமாயணம். மூடியைக் கழற்றி உள்ளே சின்ன ஃபிலிம் துண்டு வைக்க வேண்டும், வெளிச்சம் கீழிருந்து வருவதால் சாதாரண காகிதம் என்றால் எழுத்து மங்குகிறது. ஜெராக்ஸ் கடையில் ஒளி புகுகிற ஓஎச்பி ஷீட்டில் அடித்து, பிளேடு வைத்து நறுக்கினேன். தமிழிலா இங்கிலீஷிலா என்று ஒரு பட்டிமன்றம் நடந்தது. தமிழில் "திருநெல்வேலி" அந்தக் கட்டத்துக்குள் அடங்குமா சொல்லு. "நெல்லை" அடங்கியது. கடைசியில் ஊர்ப் பெயர் தமிழில் சுருக்கமாக, கேமரா, சர்வர், ஆக்ஸ் எல்லாம் எல்லாரும் வாயால் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே. அறைகளுக்குள் பேசிக்கொள்கிற டாக்பேக்கில் கூப்பிடுகிற பெயரும் பட்டனில் இருக்கிற பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால், அவசரத்தில் அதை மொழிபெயர்க்க ஒரு ஆள் தனியாக வேண்டும்.

லேபிளில் நான் செய்த ஒரு விஷயம் எனக்கே பிடித்திருந்தது. ரூட்டருக்குப் பிளாக் பர்ஸ்ட் ரெஃபரன்ஸ், அதாவது கருவிகளை ஒரே தாளத்தில் ஓட வைக்கிற சிக்னல், கொடுத்திருக்கிறோம், அதனால் அது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே உள்ள செங்குத்து இடைவெளியில்தான் மாறும். எஸ்டி 625 காலத்தில் ஆறாவது வரி, இப்போது எச்டியில் ஏழாவது வரி. ஆனால் இரண்டு சோர்ஸும் ஒரே ரெஃபரன்ஸில் பூட்டியிருந்தால்தான் அதற்கு அர்த்தம். எங்கள் கேமரா, சுவிட்சர், பிளேயர் எல்லாம் பூட்டியவை. கன்வெர்ட்டர் போட்ட லேப்டாப்பும் சில ரிசீவர்களும் தன் போக்கில் ஓடுபவை. அவற்றுக்கு மாறினால் எதிர்முனையில் இருக்கிற கருவி ஒரு கணம் தடுமாறும், படம் ஒரு குதி குதிக்கும். எல்லாவற்றுக்கும் தாளத்தைச் சரிசெய்கிற ஃபிரேம் சிங்க் வாங்கித் தரப் பணம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பூட்டாத சோர்ஸ் அத்தனைக்கும் ஆரஞ்சு ஃபிலிம் வைத்துவிட்டேன். ஆரஞ்சு என்கோடருக்கு நேராகப் போகக் கூடாது, சுவிட்சர் இன்புட்டில் இருக்கிற ஃபிரேம் சிங்க் வழியாகத்தான் போக வேண்டும். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்திக்கு சிங்க் பற்றி ஒரு வகுப்பு எடுக்காமலே, "ஆரஞ்சை நேரா ஏருக்கு அனுப்பாதே" என்று ஒரே வரியில் சொல்லி முடித்தேன். காரணத்தை அவளே மறுநாள் வந்து கேட்டாள், அது வேறு சந்தோஷம்.

வருகிற படங்களைப் பதிவுசெய்கிற இன்ஜெஸ்ட் அறைக்குப் பெரிய பேனல் வாங்கவில்லை. ஒரு ஸ்ட்ரீம் டெக் (சின்ன பட்டன் பலகை), ராஸ்பெரி பை (கையளவு கணினி), அதில் கம்பானியன் மென்பொருள். பதினைந்து பட்டன் போதும் அவர்களுக்கு. ரெக்கார்டரில் என்ன போகிறது என்பது பட்டனின் நிறத்திலேயே தெரிகிறது. அங்கே ஒரே அமுக்கில் ஐந்தாறு ரூட்டை மாற்றுகிற பட்டன்களும் போட்டுக் கொடுத்தேன், நாம் சால்வோ என்போமே, அதேதான். ருசி கண்ட பூனையாக எல்லாருக்கும் இப்போது சால்வோ வேண்டும். "பிரஸ் மீட்" என்று ஒரு பட்டன், "சட்டசபை" என்று ஒரு பட்டன். எனக்கு அதில் ஒரு பயம். அமுக்குவது சுலபம், முன்பு எது எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதை அது ஞாபகம் வைக்காது. பழைய நிலையைப் பதிந்து வைத்துத் திருப்பலாம் என்றால், அந்தப் பழைய நிலையே யாரோ அவசரத்துக்குச் செய்த கோணல் ஏற்பாடாக இருக்கும். அதனால் "வழக்கம்" என்று ஒரே ஒரு பட்டன். தினசரி புல்லட்டினுக்கு எது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே கொண்டுவந்து நிறுத்தும், என்கோடர் இரண்டையும் மட்டும் தொடாது. எம்சிஆருக்கு சால்வோ கேட்டார்கள், மறுத்துவிட்டேன். உனக்கு வேறு அபிப்பிராயம் இருந்தால் சொல், ஆனால் நான் மாற்றப்போவதில்லை.

உன் ஊரில் எல்லாம் 2110, அதாவது ஐபி நெட்வொர்க்கில் வீடியோ அனுப்புகிற முறை, ஆகிவிட்டதே, இன்புட்டும் அவுட்புட்டும் சந்திக்கிற கிராஸ்பாயிண்ட் என்ற பொருளே கிடையாது, நெட்வொர்க் சுவிட்சில் மல்டிகாஸ்ட் ஓடுகிறது. ஆனாலும் மேஜை மேல் பேனலும் பட்டனும் அப்படியேதான் இருக்கின்றன என்று போன தடவை போட்டோ அனுப்பியிருந்தாய். அதில் கவனித்தேன், ஒரு பேனலுக்கு எத்தனை பக்கம்! பக்கம் மாற்றினால் அதே பட்டன் வேறு வேலை செய்யும் என்பது எனக்குக் கொஞ்சம் உதறலாகத்தான் இருக்கிறது. உங்கள் ஆபரேட்டர்கள் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் அமுக்குகிறார்களா? ஏருக்குப் போகிற டெஸ்டினேஷன் எல்லாப் பக்கத்திலும் வருமா, ஒரே பக்கத்திலா? இதை மட்டும் விசாரித்து எழுது. அடுத்த வருஷம் எங்களையும் ஐபிக்கு இழுப்பார்கள் போலிருக்கிறது, அதற்குள் நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

டிசம்பரில் லீவு கிடைக்குமா? வந்தால் ஒரு ராத்திரி ஷிப்டுக்கு உன்னை எம்சிஆரில் உட்கார வைக்கிறேன், அந்தப் பேனலில் ஏதாவது தப்பு கண்டுபிடித்தால் சாப்பாடு என் செலவு. வரும்போது அந்த மெல்லிய ஃபிலிம் ஷீட் அங்கே நல்ல தரத்தில் கிடைத்தால் ஒரு பாக்கெட் வாங்கி வா, இங்கே வாங்கியது சூட்டில் சுருள்கிறது.

தங்கச்சியையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ராத்திரி ஷிப்ட் கூட்டாளி