எஸ்யூவிக்கு முன்பணம் கட்டிவிடாதே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. அப்பா எழுந்து உட்காரத் தொடங்கிவிட்டார் என்ற செய்தி வீட்டில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. இங்கே அனைவரும் நலம். பெரியவள் என் தோளைத் தாண்டிவிட்டாள், சின்னவன் இன்னும் ஒரு வாய்க்கு ஒரு கதை கேட்கிறான். மற்றதை அப்புறம் எழுதுகிறேன். இப்போது உன்னோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

"இனி வேகமான கார் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டு பிள்ளைகள், அப்பாவின் சக்கர நாற்காலி, நாய். பெரிய எஸ்யூவியாகப் பார்த்து வாங்கிவிடப் போகிறேன்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று கடிதத்தை முடித்துவிட்டாய். எப்படியடா மனம் வந்தது? விடுதி அறைச் சுவரில் மஞ்சள் வால்வோ படத்தை ஒட்டி, பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனவன் நீ. வார்டன் உனக்குப் பட்டப்பெயர் வைத்ததே அதனால்தான். இப்போது யோசித்துப் பார். அந்த 850 டி-5ஆர் என்ன வகைக் கார்? எஸ்டேட்தானே! எஸ்டேட் என்றால் நீண்ட கூரை, செங்குத்தான பின்பக்கம், நாய் ஏறிப் படுத்துக்கொள்ளும் அளவுக்கு டிக்கி. உன் வீட்டுக்கு இன்று என்னென்ன வேண்டும் என்கிறாயோ அதெல்லாம் அந்தப் படத்திலேயே இருந்தது.

1994-ல் வால்வோ அந்த 850 எஸ்டேட்டையே பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் இறக்கியது உனக்கு நினைவிருக்கும். ரிக்கார்ட் ரிடெல்லும் யான் லாமர்ஸும் ஓட்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பதிலுக்கு அவர்கள் ஒரு அணிவகுப்புச் சுற்றில் டிக்கியில் பெரிய பொம்மை நாயை வைத்துக்கொண்டு வலம் வந்தார்கள். அடுத்த வருடம் விதிகள் மாறி, பின்னிறக்கைக்கு அனுமதி கிடைத்ததும் செடானுக்குப் போய்விட்டார்கள். பட்டம் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் குடும்பக் கார் என்றால் மெதுவாகத்தான் போக வேண்டும் என்ற எண்ணத்தை நம் வயதுப் பையன்கள் மனதில் உடைத்தது அந்தக் கார்தான்.

அதே காலத்தில்தான் ஆடி, போர்ஷேவோடு சேர்ந்து ஆர்எஸ்2 அவான்ட்டைக் கொண்டுவந்தது. ஆடி தன் எஸ்டேட்டுகளுக்கு வைத்த பெயர்தான் அவான்ட். போர்ஷேவுக்குப் பணக்கஷ்டமான நாட்கள் அவை. வெளிவேலை கிடைத்தால் போதும் என்று இருந்தார்கள். ஷ்டுட்கார்ட்டின் சுஃபன்ஹவுசனில் மெர்சிடிஸ் 500இ கார்களுக்கு வேலை செய்த அதே கூடத்தில் ஆர்எஸ்2-வும் உருவானது. பிரேக், சக்கரம், பக்கக் கண்ணாடி எல்லாம் போர்ஷே கைவண்ணம். வெறும் 2.2 லிட்டர் ஐந்து சிலிண்டர் டர்போ எஞ்சினிலிருந்து 315 குதிரைத்திறன், மணிக்கு 262 கிலோமீட்டர் வரை வேகம். எடை 1,595 கிலோ. இந்த எடையை மனதில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

சரி, இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் நம் நண்பன் நெட்டையன். அவன் ஆர்எஸ்6 அவான்ட் வாங்கிவிட்டான்! 2019-ல் அறிமுகமான தலைமுறை, நான்கு லிட்டர், எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின், இரட்டை டர்போ. போன மாதம் இரண்டு குடும்பமும் சேர்ந்து மலைக்குப் போனபோது சாவியை என் கையில் கொடுத்து, "நீயே ஓட்டு, நான் தூங்க வேண்டும்" என்றான். அவனைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, கிளம்பிய சற்று நேரத்தில் குறட்டை.

காரில் ஆட்கள் நிறைய, டிக்கியில் பெட்டிகள் நிறைய, வெளியே நல்ல மழை. அப்படிப்பட்ட நாளில்தான் ஒரு காரின் குணம் தெரியும். முன்னால் நீளமான டிரக் ஒன்று தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போனது. எதிர்ப்பக்கம் காலி. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம்தான் அழுத்தினேன். சத்தம் தாழ்ந்து கனத்தது, அடுத்த மூச்சுக்குள் டிரக் கண்ணாடியில் பின்னால் இருந்தது. எதிர்ப்பாதையில் நாம் எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்பதுதான் ஆபத்து. அந்த நேரத்தை இது பாதிக்கும் கீழே குறைத்துவிடுகிறது. பின் சீட்டில் சின்னவன் விழிக்கக்கூட இல்லை. 600 குதிரைத்திறன், 800 நியூட்டன் மீட்டர் டார்க், மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட 3.6 விநாடி என்பதெல்லாம் நீ தூக்கத்திலும் ஒப்பிப்பாய். அந்தச் சக்தி இவ்வளவு பதமாக வரும் என்று எந்த எண்ணும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

சாதாரண நேரங்களில் அது தன்பாட்டுக்கு அடங்கிவிடுகிறது. சமதளத்தில் ஒரே சீராகப் போகும்போது எட்டில் நான்கு சிலிண்டர்கள் வேலையை நிறுத்திவிடுகின்றன. காலை எடுத்துவிட்டால் எஞ்சினே அணைந்து, 48 வோல்ட் அமைப்பின் தயவில் கார் கொஞ்ச தூரம் சும்மா உருளுகிறது. பின் சக்கரங்களும் திரும்பும் என்பதால், குறுகிய வாகன நிறுத்தத்தில் இவ்வளவு நீளமான காரை எதிர்பார்த்ததைவிட எளிதாகத் திருப்ப முடிந்தது. வேகத்தில் அதே பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் பக்கமே லேசாகத் திரும்பி, தடம் மாறும்போது காரை நிலையாகப் பிடித்துக்கொள்கின்றன. பெட்ரோல் குடிக்கும், அதை மறைக்க மாட்டேன். டயரும் சும்மா வராது. உன் வலது காலை எனக்குத் தெரியும் என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

இனி உன் எஸ்யூவி. ஆடியிலேயே ஆர்எஸ் க்யூ8 என்று ஒன்று இருக்கிறது. ஆர்எஸ்6-ல் இருக்கும் அதே வி8, அதே 600 குதிரைத்திறன், அதே 800 நியூட்டன் மீட்டர், அதே எட்டு கியர். ஒரே அடுப்பில் வெந்த இரண்டு சோறு. எடை மட்டும் 2,315 கிலோ. ஆர்எஸ்6 2,075. க்யூ8 ஏறத்தாழ மூன்று பெரியவர்களை எப்போதும் சுமந்துகொண்டே ஓடுகிறது. பதிலுக்கு டிக்கியில் கூடுதலாக என்ன கிடைக்கிறது? சீட்டுகளை மடக்காமல் பார்த்தால் க்யூ8-ல் 605 லிட்டர், ஆர்எஸ்6-ல் 565. நாற்பது லிட்டருக்காக 240 கிலோ! நின்ற இடத்திலிருந்து இருநூறைத் தொட ஆர்எஸ்6 12 விநாடி எடுக்கிறது, க்யூ8 13.7.

எடையைவிட அந்த எடை எந்த உயரத்தில் இருக்கிறது என்பது முக்கியம். உயரமான கார் வளைவில் சாயப் பார்க்கும். சாயாமல் நிறுத்த ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும், அல்லது அந்தச் சாய்வை எதிர்க்கத் தனியாக ஒரு மோட்டாரை வைக்க வேண்டும். இறுக்கினால் குழியில் விழும்போது அப்பாவின் முதுகுக்குத் தெரியும். மோட்டார் வைத்தால் இன்னும் எடை. எஸ்டேட் தரையோடு தாழ்ந்து இருப்பதால் அந்தச் சிக்கலே பெரிதாக எழுவதில்லை. செடான் ஓட்டும் அதே நிதானம், பின்னால் மட்டும் ஒரு அறை கூடுதல். அவ்வளவு பெரிய கதவுக்காகப் பின்பக்கத்தைத் திறந்து வெட்டினால் உடல் முறுக்கத்துக்கு இளகும் என்பதால், அங்கே தகடுகளையும் இணைப்புகளையும் பலப்படுத்துகிறார்கள். செங்குத்தான கண்ணாடியில் சேறு வந்து ஒட்டும், அதனால் பின்னாலும் வைப்பர். எஸ்டேட்டுக்காக நாம் கொடுக்கும் விலை கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

நான் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் என்று கேட்பாய். இந்த வகைக் கார் என்றுமே நிறையப் பிறந்ததில்லை. பிஎம்டபிள்யூ தன் எஸ்டேட்டை டூரிங் என்கிறது. அது 1990-களில் செய்த முதல் எம்5 டூரிங் மொத்தம் 891 கார்கள்தான். வி10 எஞ்சினோடு 2007-ல் வந்த இரண்டாவது, 1,025. எம்3 டூரிங் 2000-ல் ஒரு முன்மாதிரியாக மட்டும் செய்யப்பட்டு மூலையில் நின்றது. விற்பனைக்கு என்று ஒன்று வர 2022 ஆகிவிட்டது. மெர்சிடிஸின் இ63 எஸ் எஸ்டேட், 612 குதிரைத்திறனும் 640 லிட்டர் டிக்கியும் ஒன்றாக வைத்திருந்த அருமையான கார், தன் தலைமுறையோடு நின்றுவிட்டது. அதன் இடத்துக்கு வந்த இ53, ஆறு சிலிண்டர் பிளக்-இன் ஹைபிரிட், அதாவது பெட்ரோலிலும் சார்ஜ் போட்ட பேட்டரியிலும் ஓடுவது. புதிய இ கிளாஸ் எஸ்டேட்டில் சாதாரண மாடலுக்கு டிக்கி 615 லிட்டர், பிளக்-இன் என்றால் பேட்டரி அடியில் புகுந்து 460 ஆகிவிடுகிறது. எதற்காக எஸ்டேட் வாங்குகிறோமோ அந்த இடத்திலேயே கை வைத்துவிட்டார்கள்.

2024-ல் வந்த எம்5 டூரிங்கைப் பார்க்கும்போதும் எனக்கு மனம் இரண்டாகப் போகிறது. அதுவும் பிளக்-இன் ஹைபிரிட்தான், 727 குதிரைத்திறன், 1,000 நியூட்டன் மீட்டர். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, மருந்து வாங்கி, அலுவலகம் போய் வருவது வரை சார்ஜிலேயே முடித்துவிடலாம், அறுபது கிலோமீட்டருக்குக் குறையாமல் மின்சாரத்தில் ஓடும். காலையில் பக்கத்து வீட்டுக் குழந்தையை எழுப்பாமல் கிளம்பலாம். இதையெல்லாம் நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் எடை? ஏறத்தாழ இரண்டரை டன்! ஆர்எஸ்2-வின் 1,595-ஐ நினைத்துப் பார். அவ்வளவு குதிரைத்திறன் இருந்தும் நூறைத் தொடும் நேரம் நெட்டையன் காரின் அதே 3.6 விநாடிதான். கூட்டிய சக்தியை, கூடிய எடை தின்றுவிட்டது. நேர்ச்சாலையில் இதை மறைத்துவிடலாம். மலையிறக்கத்தில் மீண்டும் மீண்டும் பிரேக் போடும்போது எடையை யாராலும் மறைக்க முடியாது. பிளக் இல்லாமல், வி8-ஓடு, இந்த அளவு டிக்கியோடு புதிதாக ஒரு கார் இனி வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆர்எஸ்6 உனக்குப் பெரிதாகப் பட்டால் எம்3 டூரிங்கைப் பார். 2022-ல் வந்தபோது 510 குதிரைத்திறன், 500 லிட்டர் டிக்கி, எடையிலும் கொஞ்சம் கருணை காட்டியிருக்கிறார்கள்.

பழையது வாங்குவதாக இருந்தால் ஒன்று. ஆரம்பகால ஆர்எஸ்6-களில் டிஆர்சி என்ற சஸ்பென்ஷன் உண்டு. ஒரு மூலையின் ஷாக் அப்சார்பரும் எதிர் மூலையில் இருப்பதும் எண்ணெய்க் குழாயால் இணைந்திருக்கும். அதில் கசிவு வருவது பலரும் அறிந்த விஷயம். காரைத் தூக்கி வைத்து அடியில் பார்க்காமல் பேசி முடிக்காதே. மலிவாகக் கிடைக்கிறது என்று மட்டும் மயங்கிவிடாதே, உன் மச்சான் கதை தெரியும்தானே.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகப் படி. எஸ்டேட்டிலும் சரி, எஸ்யூவியிலும் சரி, சாமானும் ஆட்களும் ஒரே அறையில்தான் இருக்கிறார்கள். செடானில் நடுவே ஒரு தடுப்பு உண்டு, இங்கே சீட்டின் முதுகு மட்டும்தான். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதினால்கூடக் கட்டாத ஒரு பொருள் தன் எடையைப் போலப் பல மடங்கு விசையோடு முன்னால் பாயும். அப்பாவின் நாற்காலி இரும்பு. அதன் முன்னால் உன் பிள்ளைகளின் தலை இருக்கும். அதனால் தரையில் இருக்கும் கொக்கிகளில் பட்டை போட்டு இறுக்காமல் ஒரு தெரு கூடத் தாண்டாதே. ஆடி அவான்ட்டுகளில் டிக்கிச் சாமான்களை மறைக்கும் திரையோடு ஒரு தடுப்பு வலையும் வருகிறது. அதை இழுத்துக் கூரையில் மாட்டிக்கொள்ளலாம். நாய்க்கும் அது வேண்டும். பலர் அந்த வலையைப் பிரிக்காமலே காரை விற்றுவிடுகிறார்கள் என்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. 600 குதிரைத்திறன் கையில் இருக்கிறவன் இதில் அலட்சியமாக இருக்கக் கூடாது.

அப்பா ஏறி இறங்குவதைப் பற்றி நீ கவலைப்படுவது நியாயம். நாற்காலியின் இருக்கையும் காரின் சீட்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தால்தான் நகர்ந்து உட்காருவது சுலபம். எஸ்யூவியில் மேலே ஏற்ற வேண்டும், எஸ்டேட்டில் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். எது அவருக்குச் சரிப்படும் என்பதை அவர் உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும், நீயும் நானும் முடிவு செய்ய முடியாது. கீழே இறங்குவதுதான் கஷ்டம் என்று அவர் சொன்னால் நான் வாயை மூடிக்கொள்கிறேன், நீ உயரமான காரையே வாங்கு. ஆனால் அந்த நாற்காலியைத் தினமும் தூக்கி உள்ளே வைப்பது நீயோ தங்கச்சியோதான். எஸ்டேட்டின் டிக்கி விளிம்பு முட்டிக்குச் சற்று மேலே நிற்கும். எஸ்யூவியில் இடுப்புக்குக் கிட்டே தூக்க வேண்டும். உன் முதுகு ஏற்கெனவே என்ன நிலைமையில் இருக்கிறது என்று தங்கச்சி போனில் சொன்னாள்.

நெட்டையனிடம் பேசிவிட்டேன். காரை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வர அவன் தயார், நானும் கூட வருகிறேன். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். நாற்காலியை மடித்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து உடனே எழுது. காலடித் தட்டைக் கழற்றினால் ஒரு அளவு, கழற்றாவிட்டால் ஒரு அளவு, இரண்டும் வேண்டும். நாயின் எடையையும் எழுது. டிக்கியில் நாற்காலியைப் படுக்க வைத்த பிறகு அதற்கு இடம் மிஞ்சுமா என்று இங்கேயே ஒரு அட்டைப் பெட்டியை வைத்துப் பார்த்துவிடுகிறேன்.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன்
பாலு