கால் வெரல் வரைக்கும் ஸ்கேன் எடுக்கோணுமுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க,

போன ஞாயித்துக்கிழமை மூட்டுவலி, எலும்புத் தேய்மானம்னு ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. கால்சியம் இருந்துச்சு, விட்டமின் டி இருந்துச்சு, எலும்பு கெட்டிப்படறதுக்கு வேணுங்கற பாஸ்பேட் பத்தி ஒரு வார்த்தை இல்லைங்க. அதுக்குத்தான் இந்த லெட்டர்.

எங்கண்ணன் சென்னிமலையில குழித்தறி நெய்யறவரு. அஞ்சு வருசத்துக்கு முந்தி இடுப்பு வலின்னு ஆரம்பிச்சுது, அப்புறம் விலா, அப்புறம் தொடை, ஒருநா தும்முனதுக்கே விலா எலும்பு விட்டுப்போச்சு, தறிக்குழிக்குள்ள எறங்கறதுக்கு ரெண்டு பேரு கைத்தாங்கலா புடிக்கோணும்னு ஆயிப்போச்சு. வாதம்னாங்க, டிஸ்க்குன்னாங்க, ஒருத்தரு எல்லாம் மனசுதான்னு சொல்லிட்டாரு, அன்னைக்கு அண்ணி பஸ்ல அழுதுட்டே வந்தாங்க.

கடைசில கோயமுத்தூர்ல ஒரு சின்ன வயசு டாக்டர்தான் ரத்தத்துல பாஸ்பேட் பாத்தாரு. 2.5-ல இருந்து 4.5 வரைக்கும் இருக்கோணும், அண்ணனுக்கு 1.3. அத்தனையும் யூரின்ல போயிட்டிருக்குது. எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றனுங்க: பாஸ்பேட்டை வெளிய தள்ளுன்னு கிட்னிக்குச் சொல்றதுக்கு எலும்புலயே எஃப்ஜிஎஃப் 23-னு ஒரு ஹார்மோன் சுரக்குது, ஒடம்புல எங்கியோ ஒரு சின்னக் கட்டி உக்காந்துட்டு அதையே அளவில்லாம சுரந்தா எலும்பு கெட்டிப்படாம நொந்துபோயிரும். பெரும்பாலும் கேன்சர் இல்லையாமா. கட்டிதான் காரணம்னு ப்ரேடர்ங்கற சுவிஸ் டாக்டர் 1959லயே சொல்லிட்டாரு, நம்ம ஊர்ல இன்னும் வாதம்தான்.

அந்தக் கட்டியத் தேடறதுக்கு கேலியம் 68 டோட்டாடேட் பெட் ஸ்கேன். ஊசியில ஏத்துற மருந்து கட்டில இருக்கற ரிசப்டர்ல போயி ஒட்டிக்கும், படத்துல அந்த எடம் மட்டும் பளிச்சுன்னு தெரியும். 68 நிமிசத்துல பாதி வீரியம் போயிருங்கறதால தயார் பண்ணுன கையோட போட்டாகோணும், எல்லா ஊர்லயும் இல்லைங்க.

எடுத்தோம். ஒண்ணுமில்லைன்னு ரிப்போர்ட். எந்த ஸ்கேன் சென்டர்னு நான் இங்க எழுதல, உடுங்க. டாக்டர் படத்தப் பாத்துட்டு “கால் எங்கீங்க?”ன்னாரு. கேன்சருக்கு வழக்கமா எடுக்கற மாதிரி தலையில இருந்து தொடையோட நிறுத்திட்டாங்க! மறுபடியும் காசு, ஒரு எருமை போச்சு. ரெண்டாவது படத்துல வலது உள்ளங்கால்ல ஒரே ஒரு புள்ளி. அதை அண்ணன் ஆணின்னு நெனச்சு வருசக்கணக்கா பிளேடால சீவிட்டு இருந்திருக்காரு, தறி மிதிக்கற காலாச்சே, ஆரும் சந்தேகப்படல. ஆபரேசன்ல எடுத்தது புளியங்கொட்டை சைஸ்தான். நாலாம் நாள் பாஸ்பேட் 2.6.

அதனால அடுத்த தடவை மூட்டுவலி பத்திப் போடறப்ப, ஆறாத எலும்பு வலி, சும்மா சும்மா எலும்பு ஒடையறதுன்னு இருந்தா ஒருக்கா பாஸ்பேட் பாத்துருங்கன்னு ஒரு வரி சேத்துப் போடுங்க. ஸ்கேன் சென்டர்காரங்களுக்கும் ஒரு வரி, இந்தக் கட்டியத் தேடறதுன்னா உச்சந்தலையில இருந்து கால் வெரல் வரைக்கும், கையையும் உடாம எடுக்கோணும், காலுலயும் மூக்குப் பக்கத்துலயுந்தான் இது நெறைய வருதுங்கறாங்க.

அண்ணன் போன மாசத்துல இருந்து தறில உக்காந்துட்டாரு. ஒசரம் ரெண்டு இஞ்ச் கொறஞ்சது கொறஞ்சதுதான், மிதிகட்டைய ஏத்திக் கட்டியிருக்குது.

இப்படிக்கு,
சென்னிமலை வாசகி